வேப்பிலைத் தோரணத்துக்கு இந்தப் பக்கம்

என் கையில் ஒரு சேலையின் முனை இருந்தது. பச்சைச் சேலை. மூடுபனியில் நனைந்து கனத்திருந்தது. மஞ்சளும் அடுப்புப் புகையும் கலந்த மணம் அதிலிருந்து வந்தது.

நானும் இன்னும் மூன்று பெண்களும் அதை வளைத்துப் பிடித்து, மலைப்பாதையின் நடுவே கூரையில்லாத ஒரு சின்ன அறை செய்திருந்தோம். அந்த அறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு மேலே ஒரு வேப்பிலைத் தோரணம் ஓடியது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் காடும், ஜீப்பும், நாங்களும்.

அந்தப் பக்கத்தில் அலமேலு, மஞ்சள் சேலையில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். வேப்பிலை அவர் பின்கழுத்தில் உரசிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் செவிலியர் வசந்தா, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றார். அவர் கையில் ஊசி.

"அசையாம நில்லும்மா. ஊருக்குள்ள ஒரு சொட்டு வுழக் கூடாதுன்னு இருக்குது. எனக்கே கை நடுங்குது," என்றார் வசந்தா.

"உங்களுக்கே நடுங்குனா எனக்கு இன்னா ஆவறது சிஸ்டர்?" என்றார் அலமேலு, திரும்பாமல்.

சேலைக்கு அப்பால், பனிக்குள், ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்களும் எங்களுக்கு முதுகு காட்டித்தான் நின்றார்கள். அப்படி நிற்கும்படி அவர்களுக்கு உத்தரவாகியிருந்தது.

எத்தனையோ மருத்துவமனைகளுக்குச் செய்தி எடுக்கப் போயிருக்கிறேன். இப்படி ஒரு ஊசியை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இந்த இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல, அன்று காலைக்குப் போக வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

ஊசி வண்டி

போன வாரக் கட்டுரையை, கச்சிராயபாளையத்து டீக்கடையில் நான் வண்டிக்காகக் காத்திருந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். வண்டி வந்தது. மாதத்தில் ஒரு நாள், கள்ளக்குறிச்சியிலிருந்து மனநல மருத்துவர் ஒருவரையும் செவிலியர் ஒருவரையும் கரியாலூருக்கு ஏற்றிச் செல்லும் ஜீப். அதைப் பற்றி எழுதத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். பின் இருக்கையில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

ஆடி மாதக் கடைசி. கோமுகி அணையைத் தாண்டும்வரை நல்ல வெயில். வளைவுகள் தொடங்கியதும் காது அடைத்தது. பிறகு பனி, வழியில் கைகாட்டி நிறுத்திய தெரிந்தவரைப்போல, ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. பேச்சு தானாகவே குறைந்தது. ஓட்டுநர் ஏழுமலை முன்கண்ணாடியின் உட்பக்கத்தைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அது எங்கள் செய்தித்தாள்.

"உங்க பேப்பர்தான் மேடம் நல்லாத் தொடைக்கும். மத்ததுல மசி ஒட்டிக்கும்."

"படிக்கிறதும் உண்டா?"

"தொடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பார்த்துக்குவேன்."

கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவருக்கு ஒரு தனி அறை உண்டு. ஆனால் தனி வரிசை கிடையாது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வந்தவர்களோடு கலந்துதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருப்பதாக வசந்தா சொன்னார்.

ஆரம்பத்தில் வாசலில் ஒரு துணிப் பதாகை கட்டினார்களாம். 'மனநல ஆலோசனை' என்று பெரிய எழுத்தில். மக்கள் வந்தார்கள். பதாகையைப் படித்தார்கள். படித்துவிட்டு, சாலையைக் கடந்து எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்கள். பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை. நடத்துநர் இறங்கி வந்து, "இன்னாய்யா, எல்லாரும் எதுக்குத்தான் நிக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் பதாகை இல்லை. இப்போது மலையில் அந்த ஜீப்புக்கு ஊசி வண்டி என்று பெயர். எதற்கான ஊசி என்று யாரும் கேட்பதில்லை. மாட்டுக்குக்கூட ஊசி போடுகிறார்கள். ஊசியில் அவமானம் ஒன்றும் இல்லை.

அன்று வரிசை மெதுவாகக் கரைந்தது. மருத்துவர் இளைஞர். தாழ்ந்த குரலில் பேசுவார். கதவு மூடியிருக்கும்போது உள்ளே மழைபோல ஏதோ ஒரு ஓசை மட்டும் கேட்கும். வசந்தா ஒவ்வொரு ஊசி முடிந்ததும் வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தார்.

"அலமேலு வரலையே," என்றார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன், அலமேலுவின் கணவர் சடையன் பைக்கில் வந்து இறங்கினார். தனியாக. தலையில் கட்டிய துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அவ?"

"வூட்லதான் கீறா சிஸ்டர். காப்பு கட்டிக்கினா."

வசந்தா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். அவருக்கும் கிராமம்தான் சொந்த ஊர். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு மட்டும் சடையன் சொன்னார். அவர்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா. தீர்த்தக்குடம் எடுக்கும் பெண்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருப்பார்கள். கயிறு கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காப்பு போயிற்று, குடமும் போயிற்று. அன்றைக்கு மத்தியானம்தான் குடம்.

"ஊசிய என்கிட்ட குடுத்துடுங்க. நான் எடுத்துக்கினு போறேன்."

"போடறது யாரு? நீயா?"

சடையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இஞ்சி மண் ஏறிய கைகள்.

ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன என்று வசந்தாவிடம் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் மலைக்கு வண்டி அடுத்த மாதம்தான். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் பாதை அறுந்து ஒரு மாதம் வண்டி வராமல் போனது. அலமேலுவுக்கு ஒரு ஊசி தவறியது. வாரங்கள் போகப்போகத் தூக்கம் போனது. பிறகு அலமேலுவே ஒரு நாள் காணாமல் போனார்.

மருத்துவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். இருவரும் இரண்டு நிமிடம் பேசினார்கள். வசந்தா மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஏழுமலண்ணே, வண்டிய எடுங்க."

தாலுகா ஆபீசில் ஒருவர்

சடையனின் பைக் முன்னால் போனது. பனியில் ஆளும் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை. பின்விளக்கின் சிவப்புப் புள்ளி மட்டும் மரங்களுக்கு நடுவே மிதந்துகொண்டு போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குச் சங்கராபுரம் ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பகுதிநேர நிருபராக அங்கே இருந்த நாட்களில், தாலுகா ஆபீசுக்குத் தினமும் போவேன். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் வந்தவர்கள் புளியமரத்தடியில் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் தினமும் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் மனு எதுவும் இருக்காது. தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பார். எழுத்தர்கள் தங்களுக்கு டீ வாங்கும்போது அவருக்கும் ஒன்று வாங்குவார்கள். அவரைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. போகச் சொல்ல யாருக்கும் மனமும் இல்லை.

சட்டையை யார் இஸ்திரி போடுகிறார்கள் என்று ஒரு நாள் விசாரித்தேன். அண்ணன் மனைவி. "நரம்பு வியாதிம்மா," என்றார் அந்தப் பெண். வேறொருவர் காற்று பட்டது என்றார். இன்னொருவர், படித்த படிப்பு மூளையில் சூடாகிவிட்டது என்றார். நோய்க்குப் பெயர்கள் நிறைய இருந்தன. எல்லாமே மெல்லிய பெயர்கள். சொன்னால் உடைந்துவிடாத பெயர்கள்.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பஸ் ஏறி, இன்னொரு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டு பஸ்ஸிலும் பக்கத்தில் உட்காருபவர், "எங்க போறீங்க?" என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் வேண்டும்.

"இன்னான்னு சொல்றது?" என்றார் அந்தப் பெண். உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்பதைப்போலத்தான் கேட்டார்.

அந்த மரத்தடி இப்போது சிமெண்ட் தளமாகிவிட்டது. அவர் என்ன ஆனார் என்று தெரியாது.

உளுந்தூர்பேட்டையில் கிடைத்த பெண்

ஜீப் ஒரு ஓடையைக் கடந்தது. வசந்தா தாழ்ந்த குரலில் அலமேலுவின் கதையைச் சொன்னார். சில பகுதிகளைச் சடையனே பிறகு என்னிடம் சொன்னார்.

முதலில் ஒரு குரல்தான். மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும்போது ஓடைக்கு அந்தாண்டை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும். போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. பிறகு குரல் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு வீட்டுக்குள் வந்தது. குறி கேட்டார்கள். தாயத்து கட்டினார்கள். ஒரு கிடாவும் போயிற்று. அதற்குப் பிறகுதான் கரியாலூருக்கு ஊசி வண்டி வரும் செய்தி எட்டியது. சில மாதங்களில் குரல் தூரமாகப் போனது. அப்போதுதான் அந்த மழை மாதம் வந்தது.

ஊரில் யாரும் எழாத நேரத்தில் அவர் மலை இறங்கியிருக்கிறார். நடந்தாரா, யாராவது ஏற்றிக்கொண்டார்களா, தெரியாது. அவருக்கும் ஞாபகம் இல்லை. சடையன், கல்யாணப் போட்டோவில் இருந்து மனைவியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். கடைசியில் அலமேலு உளுந்தூர்பேட்டையில் கிடைத்தார்.

அந்தச் சாலைச் சந்திப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும். பரோட்டாக் கல்லில் கரண்டி அடிக்கும் சத்தமும், லாரிகளின் பிரேக் சத்தமும், 'திருச்சி, திருச்சி' என்ற கூவலும் ஒரு நொடிகூட ஓயாது. அதன் நடுவே, சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்வாசலில், சிமெண்ட் தொட்டிமேல் அலமேலு உட்கார்ந்திருந்தார். பாத்திரம் கழுவும் பெண் அவருக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறார். தலைகூட வாரிவிட்டிருந்தாராம்.

சடையனைப் பார்த்ததும் அலமேலு எழுந்து, தன் வீட்டுக்கு வந்தவரை வரவேற்பதுபோல, "வந்துட்டியா? டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல மேடம். குடிக்கிறேன்னு சொன்னேன்," என்றார் சடையன்.

அதற்குப் பிறகு மறுபடியும் ஊசி. தவறாமல் ஊசி. குரல் போய்விட்டது. ஆனால் ஊர் மறக்கவில்லை. போன வருடத் திருவிழாவில், கரகம் வரும் நாளில் மேளம் அடித்தால் மறுபடி ஓடிவிடுவார் என்று அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான். சடையனும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். இரவில் தன் துண்டின் ஒரு முனையை மனைவியின் கைக்கும் மறுமுனையைத் தன் கைக்கும் கட்டிக்கொண்டு தூங்கினார். பகலில் அவரைக் கண்ணிலிருந்து விட்டதில்லை. ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் பின்னால் போவார். பெண்கள் கேலி செய்வார்கள்.

இந்த வருடம் காப்புக்குப் பெயர் சொல்லும் நாளில் அலமேலு தானாகவே எழுந்துபோய்க் கையை நீட்டியிருக்கிறார். பூசாரி ஒரு கணம் தயங்கிவிட்டுக் கட்டிவிட்டார்.

எண்ணெய் வழக்கு

எல்லையில் ஜீப் நின்றபோது மேளம் கேட்டது. எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. பனிக்கு உள்ளேயிருந்து கேட்டது, அவ்வளவுதான்.

வேப்பிலைத் தோரணத்துக்கு அப்பால் சற்றுத் தள்ளி ஒரு சுனை. அதைச் சுற்றி மஞ்சள் சேலையில் பெண்கள் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் வெள்ளையன் தோரணத்தடிக்கு வந்தார். பட்டம் பரம்பரையாக வந்தது. நாற்பது வயதுகூட இருக்காது. உரக் கம்பெனி பனியன் போட்டிருந்தார். மற்ற நாட்களில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார்.

"வாங்க சிஸ்டரம்மா. செருப்ப அந்தாண்ட வுட்டுட்டு வாங்க. கும்புடுங்க, சோறு துன்ட்டுப் போங்க. ஊசி மட்டும் வராது."

"ஊசி இல்லாம நான் எதுக்குக் கவுண்டரே?"

"ரத்தம் வரும்ல?"

"ஒரு சொட்டு வரும். வராமக்கூடப் போவும்."

"அந்த ஒரு சொட்டுதான் எனக்குப் பிரச்சன. கடைசி நாள் கெடா வெட்ற வரைக்கும் ஊருக்குள்ள ரத்தம் வுழக் கூடாது. சவரம்கூட எல்லைக்கு வெளியதான்."

"அதான் உங்க ஊரே தாடி வச்சிக்கினு கீது," என்றார் ஏழுமலை.

சுனைப் பக்கமிருந்து அலமேலு வந்தார். நான் அவரை முதல் முறை பார்த்தது அப்போதுதான். ஒல்லியான முகம். தலையில் ஈரம். விரத நாட்களின் சோர்வு கண்ணுக்குக் கீழே தெரிந்தது. இடுப்பில் ஒரு பித்தளைக் குடம்.

சடையன் தாழ்ந்த குரலில் வெள்ளையனிடம் சொன்னார். "அப்ப காப்ப அவுத்துடுங்கண்ணா. நான் அவள வெளிய கூட்டிக்கிறேன்."

"அவுக்க மாட்டேன்," என்றார் அலமேலு.

"இன்னாமே, போன வருசம் மாதிரி..."

"போன வருசம் உள்ள பூட்டி வச்சீங்க. மோளத்த செவுத்துல காது வச்சிக் கேட்டேன். இந்த வருசம் குடம் எடுக்கறேன்."

"ஊசி?"

"ஊசியும் போட்டுக்கறேன்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுமே."

"ரெண்டுல ஒண்ணுன்னா நீ எடுத்துக்க. எனக்கு ரெண்டும் வேணும்."

சுனையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குடம் கழுவிய பெண்கள் கழுவுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இந்த இடத்தில் வசந்தா ஒரு தவறு செய்தார். நல்ல எண்ணத்தில் செய்த தவறு. பெட்டியைத் திறந்து, மருந்துச் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இளமஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது.

"பாருங்க கவுண்டரே. இதுல பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கறது நல்லெண்ணெதான். அதுல மருந்தக் கலந்து வச்சிருக்காங்க. எண்ணெயா இருந்தாத்தான் உள்ள போயி மெதுமெதுவா எறங்கும். நீங்க சாமிக்கு வெளக்கு ஏத்தற அதே எண்ணெ."

அவர் சொன்னது உண்மை. ஆனால் வெள்ளையனின் முகம் மாறியது. பின்னால் நின்ற பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"எண்ணெயா? காப்பு கட்டுனவங்க எண்ணெ தேச்சிக்கக் கூடாதே சிஸ்டரம்மா."

ஏழுமலை ஜீப் கதவில் சாய்ந்தபடி சொன்னார். "ரத்தம் ஒண்ணுதான் இருந்துச்சி. இப்ப ரெண்டாச்சி. சும்மா இருந்திருக்கலாம் சிஸ்டர்."

வசந்தா சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை மறுபடி பெட்டிக்குள் வைப்பதா, வெளியே வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. சடையன் பைக்கின்மேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

அலமேலு குடத்தைக் கீழே வைத்தார்.

"மாமா, நேத்து வெரதச் சோத்துக்கு இன்னா ஊத்திக்கினீங்க?"

வெள்ளையன் யோசித்தார். "பொடி போட்டு... எண்ணெ ஊத்திக்கினேன்."

"பூசாரி?"

"அவரும்தான்."

"தேச்சிக்கறதுதான ஆவாது? உள்ள போறது இன்னா பண்ணும்? சாமி இன்னா வயித்த அமுக்கியா பாக்குது?"

முதலில் சிரித்தது சுனையடியில் இருந்த பெண்கள்தான். பிறகு, சுனையருகே வந்து நின்றிருந்த மேளக்காரர்கள். வெள்ளையன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மீசையைத் தடவினார். அலமேலு மட்டும் சிரிக்கவில்லை. அவர் முடிவுக்காகக் காத்திருந்தார்.

"சரி, எண்ணெ போவட்டும். ரத்தம்?"

அலமேலு தோரணத்தை நோக்கி நடந்தார். வேப்பிலை கழுத்தில் படும் இடத்தில் நின்று திரும்பினார். இப்போது அவர் முகம் ஊரைப் பார்த்திருந்தது.

"ஊசி அந்தாண்டயே இருக்கட்டும். நான் இந்தாண்டயே இருக்கறேன். ரத்தம் வந்தா சிஸ்டர் எடுத்துக்கினு போவட்டும்."

வெள்ளையன் தோரணத்தைப் பார்த்தார். மேளக்காரர்களைப் பார்த்தார். மலை ஊர்களில் இப்படிப்பட்ட முடிவுகளை உடனே எடுப்பதில்லை. கூட்டம் கூட வேண்டும், பேச வேண்டும். ஆனால் தண்ணீர் எடுக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"கைய மட்டும் அந்தாண்ட நீட்டுனா போதுமா? அப்படின்னா ஆவட்டும்."

"கையில போடறது இல்ல இது," என்றார் வசந்தா. "இடுப்புக்குக் கீழ."

வெள்ளையன் மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, கனத்த குரலில் சொன்னார்.

"டேய், எல்லாரும் அந்தாண்ட திரும்புங்கடா."

திரும்பினார்கள். அவரும் திரும்பினார். ஏழுமலை ஜீப்புக்குப் பின்னால் போனார். புதரில் காயப் போட்டிருந்த பச்சைச் சேலையை யாரோ கொண்டுவந்தார்கள். காப்புக் கட்டாத பெண்கள் மூன்று பேர் அதைப் பிடிக்க வந்தார்கள். ஒரு கை குறைந்தது. வசந்தா என்னைப் பார்த்தார்.

"மேடம், இந்த மூலையப் புடிங்க."

பஞ்சு

ஊசி இறங்க நேரம் எடுத்தது. எண்ணெய் மெதுவாகத்தான் போகும். சேலைக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. அலமேலு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பனி அவர் தோளின்மேல் சின்னச் சின்னத் துளிகளாக உட்கார்ந்திருந்தது. மேளம் நின்றிருந்தது. அந்தச் சில நொடிகளில் மலை முழுவதும் அந்த ஊசிக்காகக் காத்திருந்ததாகத் தோன்றியது. அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தோன்றியது.

வசந்தா ஊசியை உருவி, அதே நொடியில் பஞ்சை வைத்து அழுத்தினார். வெகு நேரம் அழுத்தினார்.

"வுழுந்துச்சா?" என்று பனிக்குள்ளிருந்து வெள்ளையனின் குரல் கேட்டது.

"வுழல."

"பாத்துச் சொல்லுங்க."

"வுழலன்றேனே. வேணும்னா நீங்களே திரும்பிப் பாருங்க."

"வேணா, வேணா."

வசந்தா பஞ்சை எடுத்துப் பார்த்தார். கடுகளவு சிவப்பு. உள்ளங்கையில் மூடி, தோரணத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, பெட்டியில் போட்டார். அலமேலு சேலையைச் சரிசெய்துகொண்டு குடத்தை எடுத்தார். நன்றி என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

சேலையை மடிக்கும்போது, என் எதிர்முனையைப் பிடித்திருந்த பெண் நகராமல் நின்றார். சின்னப்பொண்ணு என்று மற்றவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். தோளில் கைக்குழந்தையைச் சாய்த்திருந்த ஈரம் அவர் ரவிக்கையில் இன்னும் காயவில்லை. குழந்தையை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.

"சிஸ்டர்," என்றார். பிறகு மடித்த சேலையையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழுகையா வருது. புள்ள பொறந்ததுல இருந்து. அதுக்கும் இந்த வண்டிதானா?"

அருகில் நின்ற பெண் சிரிக்கவில்லை. காது கேட்காததுபோலவும் நடிக்கவில்லை. சேலையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இந்த வண்டிதான்," என்றார் வசந்தா. "இப்பவே பேசலாம். வா, இப்படி உக்காரலாம்."

இருவரும் ஜீப்பின் படியில் உட்கார்ந்தார்கள். ஏழுமலை, கிளப்பியிருந்த என்ஜினை நிறுத்தினார்.

மஞ்சள்

மேளம் மறுபடி தொடங்கியது. சுனையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். குடத்தின் வாயில் வேப்பிலைக் கொத்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அலமேலுவின் பெயரையும், நடுவில் எங்கோ, மற்றப் பெயர்களைச் சொன்ன அதே வேகத்தில் சொன்னார்கள்.

கோயில் மேட்டின்மேல். பாதை வளைந்து வளைந்து ஏறியது. அதுவரை தரையோடு கிடந்த பனி, அவர்கள் நடக்கத் தொடங்கியதும் எழுந்ததுபோல இருந்தது. முதலில் கால்கள் மறைந்தன. பிறகு, மஞ்சள் நிறம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தரையைத் தொடாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. ஈரத் துணியும் வேப்பிலையும் சூடமும் கலந்த மணம் வந்தது. மேளச் சத்தம் முன்னாலும் கேட்டது, பின்னாலும் கேட்டது.

நிருபர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தில் எப்போதும் ஒரு ஆளைத் தேடுவோம். நான் அலமேலுவைத் தேடினேன். எல்லாச் சேலையும் மஞ்சள். எல்லாத் தலையிலும் குடம். எல்லோரும் ஒரே மாதிரி, ஒரு கையைத் தூக்கிக் குடத்தைப் பிடித்திருந்தார்கள்.

சடையன் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"இதுல அலமேலு யாரு?"

அவர் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். "அதோ, அந்த வளைவுல... இல்ல. அது பெருமா பொண்டாட்டி." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "அதுக்குப் பின்னால வர்றது..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

வரிசை அடுத்த வளைவில் திரும்பியது.

"தெரியல மேடம்," என்றார் சடையன்.

சொல்லிவிட்டு, பாதையோரக் கல்லின்மேல், மேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. ஏழுமலையிடம் நெருப்புக் கேட்டு வாங்கி, நிதானமாகப் பற்றவைத்துக்கொண்டார்.